கன்னியம்மாவை நிறுத்தியது யார்?

மகனே,

நீ நலமா என்று கேட்டு இதை ஆரம்பிக்கப் போவதில்லை. நலமாகத்தான் இருக்கிறாய். போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் கல்யாணச் சட்டையைப் போட்டுக் காட்டினாயே, பார்த்தேன். சட்டை நன்றாகத்தான் இருந்தது. "ஏம்மா உம்முனு இருக்கே, கலர் புடிக்கலையா?" என்று கேட்டாய். கலர் பிடித்திருந்தது, உன்னைத்தான் பிடிக்கவில்லை. பக்கத்தில் உன் சிநேகிதர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் எதிரில் உன்னைத் திட்ட வேண்டாமே என்று போனை உன் அப்பா கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனேன். மறுநாள் நீயே கூப்பிட்டு "என்னாச்சும்மா?" என்றாய். ஆரம்பித்தேன். "அம்மா, மீட்டிங் கூப்பிடறாங்க, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாய். உன்னுடைய அந்த "அப்புறம்" இதுவரை வந்ததே இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். காகிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது பார். கோபம் ஆறட்டும், பிறகு எழுது என்று உன் அப்பா சொன்னார். ஆறிவிட்டால் கல்யாண வேலையில் மறந்துபோவேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா? சூடாகவே படி.

முதலில் கன்னியம்மா யார் என்று ஞாபகப்படுத்துகிறேன். "எந்தக் கன்னியம்மா?" என்று மட்டும் கேட்டுவிடாதே, தாங்க மாட்டேன். நான் வார்டனாக இருக்கிற இந்தக் காலேஜ் லேடீஸ் ஹாஸ்டலில் சமையல்கட்டில் வேலை செய்கிறவள். கீழ்பென்னாத்தூருக்கும் உள்ளே ஒரு கிராமத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வருகிறவள். நீ இன்ஜினியரிங் படித்த காலத்தில் லீவுக்கு வந்தால் என்னைப் பார்க்க ஹாஸ்டலுக்கு வருவாய். ஆண் பிள்ளை கேட்டைத் தாண்டக்கூடாது என்பதால் செக்யூரிட்டி நாற்காலியில் உட்கார்ந்திருப்பாய். அவள்தான் இட்லியும் வேர்க்கடலைச் சட்னியும் தட்டில் போட்டு எடுத்துக்கொண்டு வெளியே வருவாள். "தம்பி எளச்சிப் போச்சி, அந்த காலேஜ்ல சோறு போடறாங்களா, இல்ல பாடம் மட்டும்தானா?" என்று உன்னை விட்டுவிட்டு என்னிடம் சண்டைக்கு நிற்பாள். நீ போதும் போதும் என்பாய், தட்டில் இட்லி விழுந்துகொண்டே இருக்கும். அந்தக் கன்னியம்மாதான்.

அவள் மகளுக்குத் தலைப்பிரசவம் சிக்கலாகிவிட்டது. ரெண்டு உயிரில் ஒன்றுக்குத்தான் உறுதி சொல்ல முடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். இவள் ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்று மலை இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டு, ரெண்டு பேரையும் குடுத்துடு அண்ணாமலையாரே, என் முடிய உனக்குக் குடுத்துடறேன் என்று வேண்டிக்கொண்டாள். ரெண்டு பேரும் பிழைத்தார்கள். அவள் முடியை நீ பார்த்திருக்கிறாய், கொண்டை போட்டால் கைக்கு அடங்காது. பேரனுக்குத் தீட்டுக் கழிந்ததும் கோயிலுக்கு வந்து அத்தனையையும் இறக்கிவிட்டு, மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு, மறுநாள் காலை வழக்கம்போல முதல் பஸ்ஸில் வேலைக்கு வந்து சேர்ந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. எங்கள் எல்லோருக்கும் பொங்கல் பிரசாதம் கொண்டுவந்திருந்தாள்.

வாசலில் நிற்கிறதே, முகத்தைப் பார்த்து வருகை போடுகிற மெஷின், அது உன் கம்பெனி மெஷின். அதற்குள் ஓடுகிற விதிகளை எழுதின கூட்டத்துக்குத் தலைவன் நீ. அதன் முன்னால் போய் நின்றாள். "முகம் பொருந்தவில்லை" என்று சிவப்பாகக் காட்டியது. தள்ளி நின்றாள், கிட்டே நின்றாள், சந்தனத்தைத் துடைத்துப் பார்த்தாள். அதே சிவப்பு. செக்யூரிட்டிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னா கன்னியம்மா, மெஷினுக்கே அடையாளம் தெரியல, எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? யாரும்மா நீ?" என்றார். "ம்ம், அண்ணாமலையாரு தங்கச்சி. வழிய வுடுயா, அடுப்பு காயுது" என்று அவரைத் தள்ளிவிட்டு உள்ளே போனாள். நானும் சிரித்தேன். சிரிக்கிற விஷயமாகத்தான் அன்றைக்கு இருந்தது.

அதற்கப்புறமும் அவள் தினமும் வந்தாள். தினமும் மெஷின் முன்னால் நின்றாள், தினமும் அது அவளைத் தெரியாது என்றது, தினமும் உள்ளே போய் மாவு ஊற்றினாள், காய் நறுக்கினாள், அண்டா கழுவினாள். மெஸ் சூப்பர்வைசரிடம் சொன்னாள். "சிஸ்டம் எடுக்கலம்மா, ஆபீஸ்ல சொல்லியிருக்கேன்" என்றார். என்னிடம் சொன்னாள். "ஆபீஸ்ல சொல்லிட்டாங்க இல்ல, சரியாயிடும் போ" என்றேன். ஒருநாள் காலை பிள்ளைகள் டிபனுக்கு வரிசையில் நிற்கிறார்கள், இட்லி வரவில்லை. என்ன ஏது என்று வாசலுக்குப் போனால் கன்னியம்மா கேட்டுக்கு வெளியே மதில் ஓரமாக, டிபன் பையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். செக்யூரிட்டி அன்றைக்குச் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டே, "உள்ள வுடக்கூடாதுன்னு வந்திருக்குது மேடம். இவங்க இன்ஆக்டிவ்னு காட்டுது. நான் வுட்டா என் வேலை போயிடும்" என்றார்.

இன்ஆக்டிவ்! அந்த வார்த்தைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும்டா. விடியறதுக்கு முன்னால் எழுந்து, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, நாளெல்லாம் கொதிக்கிற அடுப்புக்கு முன்னால் வெந்துகொண்டிருக்கிறவள் இன்ஆக்டிவ். ஏசி ரூமில் உட்கார்ந்து அந்த வார்த்தையை டைப் அடித்தவன் ஆக்டிவ். நல்லா இருக்குதுடா உங்க நியாயம்!

நேராக ஆபீஸுக்குப் போனேன். எங்கள் காலேஜ் ஆபீஸ் மேனேஜர் பாஷா சாரை உனக்குத் தெரியும், கடைத்தெருவில் பரம்பரையாகத் துணிக்கடை வைத்திருக்கிற குடும்பம், பதமான மனுஷர். அவரிடம் நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. ஆனால் கத்தினேன்.

"கன்னியம்மாவ யார் சார் நிறுத்தினது?"

"யாரும் நிறுத்தல மேடம்."

"யாரும் நிறுத்தலன்னா ஏன் சார் அவ வெளியில நிக்கறா?"

"தொடர்ந்து ஆப்சென்ட்னா சிஸ்டமே எடுத்துடும் மேடம். அப்படித்தான் செட் பண்ணியிருக்காங்க."

"ஆப்சென்ட்டா? நேத்து மத்தியானம் நீங்க ரெண்டாவது தபா வாங்கி சாப்பிட்டீங்களே சாம்பார், அத யாரு வெச்சது? சிஸ்டம் வெச்சுதா?"

பாவம், முகம் சுண்டிப்போய்விட்டது. "எனக்குத் தெரியாம இல்ல மேடம். அவங்க தினமும் வந்தாங்கன்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும், இங்க இருக்கிற அத்தன பேருக்கும் தெரியும். ஆனா எனக்கு எடுக்கற பவரும் இல்ல, சேக்கற பவரும் இல்ல. கம்பெனிக்கு டிக்கெட் போட்டிருக்கேன்" என்றார். "என்னா டிக்கெட்டு, பஸ் டிக்கெட்டா?" என்றேன். புகாரைத்தான் அப்படிச் சொல்வார்களாம். கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். காலேஜில் அதிகாரம் உள்ளவர் ஒப்புதல் தர வேண்டும் என்று உன் கம்பெனி பதில் போட்டிருக்கிறது. அந்த அதிகாரம் உள்ளவர் கரஸ்பாண்டன்ட். அவர் அறையிலிருந்து, இது தொழில்நுட்ப விஷயம், கம்பெனிதான் முடிவு செய்ய வேண்டும் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். உங்கள் ஆட்கள் மறுபடியும் ஒப்புதல் கேட்டிருக்கிறார்கள். கிரிவலம் சுற்றினாலாவது புறப்பட்ட இடத்தில் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிடலாம். இந்தச் சுற்றில் சுற்றுகிறவர்கள் பாதம் தேய்வதைத் தவிர ஒன்றும் கிடையாது. இது முடிகிற வரை கன்னியம்மா கேட்டுக்கு வெளியே.

"விடுங்க சார், அங்க என் பையன் இருக்கான், ஒரு போன் போட்டா முடிஞ்சிடும்" என்று பாஷா சாரிடம் ஜம்பமாகச் சொல்லிவிட்டு வெளியே வந்துதான் உனக்குப் போன் செய்தேன். அன்றைக்கு நீ பேசியதை உனக்கே எழுதிக் காட்டுகிறேன். பேசும்போது உனக்குக் காது கேட்டிருக்காது.

முதலில், "அம்மா, எந்த மெஷினும் சில பேர அடையாளம் தெரியலன்னுதான் சொல்லும். கொஞ்சம் பர்சென்ட் அப்படி வரும். அது அக்செப்டபிள்" என்றாய். யாருக்குடா அக்செப்டபிள்? ஏற்றுக்கொள்ள முடியும் என்று யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாய்? கன்னியம்மாவிடம் கேட்டாயா? அந்தக் கொஞ்சம் பர்சென்ட்டில் உன் அம்மா இருந்தால் அப்போதும் இதே வார்த்தைதானா? அடுத்து, "இது ஒரு எட்ஜ் கேஸ்மா" என்றாய். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். "ஓரத்துல எப்பவாவது வர்ற கேஸ்" என்றாய். மதில் ஓரத்தில் நிற்கிறாளே, அதனால் ஓரம் என்கிறாயோ என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு சொன்னாய் பார் ஒன்று, அதற்குத்தான் எனக்கு இன்னமும் வயிறு எரிகிறது. "மொட்ட போடறதுக்கு முன்னாடியே ஒரு ரிக்வெஸ்ட் போட்டிருந்தா புது போட்டோ எடுத்திருப்பாங்க இல்ல" என்றாய். அடப்பாவி! அண்ணாமலையாரிடம் வேண்டிக்கொள்வதற்கு முன்னால் உன் கம்பெனியில் மனு போட வேண்டுமா? மகள் உள்ளே உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கும்போது அவள் போனை எடுத்து உங்கள் ஆப்பைத் தேட வேண்டுமா? எங்கேயோ பனி விழுகிற தேசத்தில் பிறந்தவன் இந்த மெஷினைச் செய்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். மொட்டை என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியாது, பாவம். நீ இந்த ஊரில் பிறந்தவன். எந்த நாளைக்கு வேண்டுமானாலும் மாட வீதியில் போய் நில், பத்தடிக்கு ஒரு சந்தனத் தலை போகும். பௌர்ணமி என்றால் கேட்கவே வேண்டாம். அவ்வளவையும் பார்த்து வளர்ந்தவனுக்கு, இந்த ஊர் வாசலில் ஒரு மெஷினை வைக்கும்போது, மொட்டை போட்டுக்கொண்டு வந்தால் என்னடா ஆகும் என்று ஒரு நிமிஷம் தோன்றவில்லையா? உன் புத்தி அப்போது எங்கே மேயப் போயிருந்தது?

உன் கதையையே சொல்லட்டுமா? உனக்கு முதல் வேலை கிடைக்க வேண்டும் என்று நான்தான் வேண்டிக்கொண்டேன். கிடைத்ததும் முணுமுணுத்துக்கொண்டே மொட்டை போட்டாய். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே அந்தக் கம்பெனியில் போட்டோ எடுத்து அடையாள அட்டை கொடுத்துவிட்டார்கள். அட்டையில் நீ பளபளவென்று மொட்டை. முடி வளர்ந்த பிறகு ஒருநாள் புது செக்யூரிட்டி ஒருவர் அட்டையையும் உன்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தாராம். நீ, "அண்ணே, திருவண்ணாமலைங்க" என்றாயாம். அவர் சிரித்துவிட்டு, "ஓ, வேண்டுதலா, போ தம்பி" என்று உள்ளே விட்டாராம். வீட்டுக்கு வந்து நீயே இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். உனக்கு ஒரு மனுஷன் வாசலில் நின்றிருந்தான். கன்னியம்மாவுக்கு அந்த மனுஷனை எடுத்துவிட்டு மெஷினை நிறுத்தியவன் நீ. "முடி வளந்துட்டா தானா சரியாயிடும்மா" என்று வேறு சொன்னாய். இடுப்பு வரை இருந்த முடி வளர்கிற வரைக்கும் அந்தக் குடும்பம் என்ன, காற்றைக் குடித்துக்கொண்டிருக்குமா?

கடைசியாக உன் பெரிய அஸ்திரத்தை எடுத்தாய். "நான் உள்ள பூந்து ஒரு ஆளுக்காக டேட்டாவ மாத்தினா அது தப்பும்மா, எதிக்ஸ் இல்ல" என்றாய். அதை ஒத்துக்கொள்கிறேன். வார்டன் பையன் சொன்னான் என்று ஒருத்திக்கு மட்டும் கதவைத் திறந்தால், நாளைக்கு அந்தக் கதவு வேறு யார் யாருக்கோ திறக்கும். நீ புறவாசல் வழியாக நுழைய மாட்டேன் என்றதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நான் கேட்டது புறவாசல் இல்லையே? தலைவாசலில் வந்து, "நான் தினமும் வந்தேன், உங்க மெஷின்தான் என்னைத் தெரியலன்னுது" என்று ஒரு பொம்பளை சொல்வதற்கு ஏன் இடமே வைக்கவில்லை என்றுதான் கேட்டேன். அதைக் கேட்பதற்கு ஒரு ஆள், கேட்டுவிட்டு முடிவு சொல்ல ஒரு ஆள், முடிவு தப்பு என்றால் பதில் சொல்ல ஒரு ஆள். உங்கள் எதிக்ஸில் இந்தப் பக்கம் ஒன்றுமே கிடையாதா? கை படாமல் இருப்பது மட்டும்தான் சுத்தம் என்று யார் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்?

நாங்கள் கேட்டுத்தான் இந்த மெஷின் வந்தது, அதையும் மறைக்கவில்லை. பழைய மெஸ் சூப்பர்வைசர் பண்ணின அநியாயம் உனக்குத் தெரியும். அவன் மச்சினன் ஒருநாளும் வந்ததில்லை, ஆனால் தினமும் வந்ததாகப் பதிவு. கன்னியம்மா அந்த சூப்பர்வைசருக்குப் பலகாரம் கட்டிக்கொடுக்காத நாளில் அவளுக்கு ஆப்சென்ட். நீ வந்து கரஸ்பாண்டன்ட் அறையில் பெரிய திரையில் படம் போட்டு விளக்கினாய். "இதுல மனுஷன் யாரும் கை வைக்க முடியாது சார்" என்று நீ சொன்னபோது எல்லோரும் கைதட்டினார்கள். நானும்தான் தட்டினேன். என் பிள்ளை அநியாயத்தைக் கட்டிப்போட வந்திருக்கிறான் என்று கண்ணில் தண்ணீர் வந்தது எனக்கு. திருடன் கையை எடுத்தாய், ரொம்ப சரி. கூடவே பாஷா சார் கையையும் எடுத்துவிட்டாய் என்று அன்றைக்கு எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. எங்களுக்கு உறைக்காதது மன்னிக்கக்கூடியது, நாங்கள் இட்லி வேக வைக்கிறவர்கள். உனக்கு உறைத்திருக்க வேண்டும். அது உன் தொழில்.

எனக்கு உங்கள் பாஷை தெரியாது. ஆனால் ஒன்று புரிகிறது. "இவர் யார் என்று எனக்குத் தெரியவில்லை" என்று அந்த மெஷின் சொன்னால் அது உண்மை. பிசகே கிடையாது. மொட்டைத் தலையைப் பார்த்தது, தெரியவில்லை, தெரியவில்லை என்றது. அதை "இவர் இன்றைக்கு வரவில்லை" என்று மாற்றி எழுதிக்கொண்டது யார்? அது மெஷின் பண்ணின வேலை இல்லை. அப்படி எழுதிக்கொள் என்று யாரோ உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு நிற்பதற்குக்கூட நீ அதைப் பழக்கவில்லை. ஆள் கண்ணெதிரில் நிற்கிறாள், வரவில்லை என்று எழுதுகிறது. இதற்கும் பழைய சூப்பர்வைசருக்கும் என்ன வித்தியாசம்? அவனுக்காவது பலகாரம் கொடுத்தால் போதும்.

உன் அப்பா உனக்காகத்தான் பரிந்து பேசுகிறார். "அவனும் சம்பளத்துக்கு வேலை பாக்கறவன்தானே, மேல சொன்னத செய்யறான், வுடு" என்றார். நான் விடவில்லை. பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவர் இல்லையா அவர். பௌர்ணமி அன்றைக்குக் கூட்டத்தில் மாட்டி வண்டி லேட்டாக வரும், டிரைவர்கள் வந்து எகிறுவார்கள். இவர் லேட் என்றுதான் போடுவார். ஆனால் ஏன் லேட் என்று கேட்பார், கேட்டதைப் பக்கத்திலேயே எழுதுவார், கீழே கையெழுத்துப் போடுவார். சில நாள் இவர் போட்டது தப்பாக இருக்கும். மேலே கூப்பிட்டுக் கேட்டால், "ஆமா சார், நான்தான் போட்டேன், தப்புதான்" என்று சொல்லிவிட்டு வருவார். "நீங்க என்னிக்காவது கடிகாரம் சொல்லிச்சு, நான் போட்டேன்னு சொல்லியிருக்கீங்களா?" என்று கேட்டேன். பேப்பரை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். தலைகீழாகப் பிடித்திருந்தார்.

சின்ன வயசில் நீ எதையாவது உடைத்துவிட்டு வந்து நிற்பாய். "டம்ளர் ஒடஞ்சிடுச்சும்மா" என்பாய். "அதுவா ஒடஞ்சிச்சா, நீ ஒடச்சியா?" என்று கேட்பேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "நான் ஒடச்சேன்" என்பாய். அதோடு சரி, அதற்குமேல் உன்னை நான் அடித்ததில்லை. அந்த ஒரு வார்த்தையை வாங்குவதற்கு நான் பட்டபாடு எனக்குத்தான் தெரியும். இப்போது நீ படித்து, பெரிய கம்பெனியில் ஏறி உட்கார்ந்து, மறுபடியும் பழைய இடத்துக்கே போய்விட்டாய். "எடுத்துடுச்சு", "நின்னுடுச்சு", "ஆயிடுச்சு". உங்கள் ஆபீஸில் எல்லாமே தானாக நடக்கிறது, யாருமே எதையும் செய்வதில்லை. வீட்டிலும் இந்தப் பேச்சைக் கொண்டுவராதே. கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிற பெண்ணிடம் போய், பால் பொங்கிடுச்சு என்று சொல்லாதே, நான் கவனிக்கல என்று சொல். ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள், அப்புறம் சரியாகிவிடும். தானாகப் பொங்கிக்கொண்ட பாலோடு யாரும் குடும்பம் நடத்த முடியாது.

உன்னை வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்லவில்லை. அந்த மெஷினைத் தூக்கி எறி என்றும் சொல்லவில்லை. நீ அந்த இடத்தில் இருக்கிறாய், கூட்டத்துக்குத் தலைவனாக வேறு இருக்கிறாய், அதனால் கேட்கிறேன். ஒருத்தர் சோற்றில் கை வைக்கிற விதி எதையும் மெஷின் தன்பாட்டுக்கு முடிக்கும்படி எழுதாதே. வேலையை விட்டு எடுப்பதற்கு முன்னால் அவளைத் தெரிந்த ஒரு ஆளைக் கேட்டாக வேண்டும் என்று வை. எடுத்தது யார் என்று ஒரு பெயர் இருக்கட்டும். கிளையன்ட் வேண்டாம் என்றால், ஏன் வேண்டாம் என்கிறார்கள் என்று கேள். விற்றால் போதும் என்று தலையாட்டிவிட்டு, அப்புறம் அவங்கதான் வேணாம்னாங்க என்று சொல்லாதே. கரஸ்பாண்டன்ட்டிடம் நான் போய்ப் பேசிவிட்டேன், கன்னியம்மா தினமும் வேலை செய்தாள் என்று என் பெயர் போட்டு எழுதியும் கொடுத்துவிட்டேன். ஓய்வு பெறுகிற வயசில் வார்டனுக்கு ஏன் இந்த வேலை என்று அங்கே பேசிக்கொள்கிறார்களாம். பேசட்டும்.

இத்தனையும் நான் போனிலேயே திட்டித் தீர்த்திருப்பேன். எழுத வைத்தது வேறு. போன வெள்ளிக்கிழமை நானும் உன் அப்பாவும் பத்திரிகை வைக்கக் கீழ்பென்னாத்தூர் பக்கம் போனோம். சொந்தக்காரர்கள் வீட்டையெல்லாம் முடித்துவிட்டுக் கன்னியம்மா வீட்டுக்கும் போனோம். அவள் மணிலாக்கடலைக் கொல்லையில் களை வெட்டிவிட்டு வந்து அப்போதுதான் கை கால் கழுவிக்கொண்டிருந்தாள். தலையில் முடி முள்ளு முள்ளாக முளைத்திருந்தது. மகள் உள்ளே படுத்திருந்தாள், பேரன் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். ஒரு வார்த்தை வருத்தமாகப் பேசவில்லை. தட்டோடு பத்திரிகையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நம்ம தம்பிக்குக் கல்யாணமா! முந்தா நாள் இட்லி தின்ன மாதிரி இருக்குது" என்றாள். பிறகு சிரித்தாள். "மண்டப வாசல்ல மட்டும் அந்த மெஷின வெச்சிடாதீங்கம்மா. அப்புறம் நான் ரோட்டுலயே நின்னு மொய் எழுதிட்டு வரணும்" என்றாள். உன் அப்பாவும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கிளம்பும்போது பஸ் நிற்கிற இடம் வரைக்கும் கூடவே வந்தாள். பஸ் தூரத்தில் தெரிகிற நேரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "அம்மா, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. எவனோ கண்ணு தெரியாத மெஷின செஞ்சி வெச்சிட்டுப் போயிட்டான். நம்ம தம்பிதான் மெட்ராஸ்ல பெரிய கம்ப்யூட்டர் வேலைல இருக்குதே. அதுகிட்ட ஒரு வார்த்த சொல்லிப் பாக்கறீங்களா? நம்ம புள்ள பாத்துச்சுன்னா உடனே சரி பண்ணிடும்" என்றாள்.

அவளுக்குத் தெரியாதுடா. ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும், அவளிடம் யாரும் சொல்லவில்லை. நீ திரையில் படம் போட்டுக் காட்டின அன்றைக்கு அவள் உங்களுக்கெல்லாம் வடை சுட்டுக்கொண்டிருந்தாள். உன் அப்பா திரும்பி நின்றுகொண்டார். "சொல்றேன் கன்னியம்மா" என்றேன், வேறு என்ன சொல்ல? சொல்லிவிட்டேன், இதோ. அந்த எவனோ யார் என்று மட்டும் அவளிடம் நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். முகூர்த்தத்துக்கு முன்னால் ஒருநாள் கிளம்பி வா. அவள் வீடு வரைக்கும் நான் கூட வருகிறேன். வாசலில் நின்று அதை நீயே சொல்.

அம்மா